அம்மையடக்கியாரின் கன்னம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் போதும். றொசல்லவிலிருந்தும் நோர்வூட்டிலிருந்தும் சனம் லொறி பிடித்து இலங்கை மலைநாட்டின் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கும். எதற்கு? ஒரு மனிதர் நோய் வராமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க! அப்படி உட்கார்ந்திருக்கிறவர்கள் அவரவர் வீட்டிலேயே நாலு பேர் இருந்தார்கள். பாவம், அவர்களுக்குத் தாடி இல்லை.

ஐம்பத்தேழாம் வருஷம். தோட்டம் முழுக்கச் சின்னம்மை. அம்மையடக்கிச் சாமியார் (பெற்றவர்கள் வைத்த பெயர் சின்னத்தம்பி) தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய், கொப்புளம் போட்ட பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சுவார். அவர் மேல் ஒரு கொப்புளமும் எழும்பாது.

"பாத்தீங்களா? ஆத்தா எனக்கு அடக்கம்!" என்பார்.

முகத்தில் ஏன் இத்தனை பள்ளம் என்று கேட்டால், "சின்ன வயசுல ஆத்தா குடுத்த முத்தம்."

சாமியார் மஞ்சள் கயிறு விற்பதோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். பெரியம்மை பயத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மை குத்தச் சொல்லி உத்தரவு வந்தது. "குத்துனா ஆத்தா கோவிச்சுக்குவா. கயிறு போதும்" என்றார் சாமியார். குத்துகிற நாளில் மருந்துச்சாலைக்கு ஒரு நாய் வந்தது. அதற்குக் குத்த உத்தரவில்லை.

மனிதர்களில் வந்தவள் கொழுந்து பறிக்கும் லெட்சுமி ஒருத்திதான். மகனையும் கூட்டி வந்திருந்தாள்.

"ஐயா, சாமிக்கு ஏன் அம்மை போடல? எனக்கும் போடலயே. இவனுக்குப் போட்டப்ப நான்தானே பக்கத்துல படுத்திருந்தேன்?"

மருந்துச்சாலை டிஸ்பென்சர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். "உமக்குச் சின்னனில கொப்புளிப்பான் வந்ததோ?"

"சின்னம்மைதானே? வந்துச்சுங்க."

"அதுதான். ஒருக்கா வந்த கிருமியை உடம்பு அடையாளம் பிடிச்சு வைச்சிருக்கும். அதை எதிர்க்கவெண்டே உண்டான அணுக்கள் மிஞ்சி நிக்கும். திரும்ப வந்தால் கெதியாப் பெருகி அடிச்சுப்போடும். உங்கட சாமிக்கும் வந்திருக்கு, முகத்தைப் பார்த்தால் தெரியேல்லையோ? பெரியம்மைக்கும் அதைப்போல ஒரு சாதுவான கிருமியைக் காட்டி உடம்பைப் பழக்கிறம். அதுதான் இந்தக் குத்து."

"அப்ப வேற நோவு வந்தா?"

"அதை அந்த உடம்புக்குத் தெரியாது. முதலிலயிருந்து படிக்க வேணும்."

அடுத்த ஞாயிறு லெட்சுமி கூட்டத்தின் நடுவில் எழும்பினாள். "நானுந்தான் அம்மை போட்ட புள்ளைய மடியில வச்சிருந்தேன். எனக்கும் ஒண்ணும் வரல!"

சனம் திகைத்தது. பிறகு அவள் காலில் விழுந்தது. கங்காணி நல்லமுத்து ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தார்.

"ஐயோ, நான் சாமி இல்லீங்க!"

"சாமின்னா அப்படித்தான் சொல்லும்" என்றார் கங்காணி.

அவளுக்கு அழுகை வந்தது. இந்தச் சனத்தின் பிள்ளைகள் ஒன்றுக்கும் அம்மை குத்தவில்லையே!

அந்த வாரமே பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டது. லெட்சுமி சாமியாரிடம் எல்லார் முன்னாலும் கேட்டாள்:

"சாமிக்கு எப்பவாச்சும் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா?"

"எனக்கா? இந்தக் கன்னம் ஒரு நாளும் வீங்குனதில்ல!"

"அப்ப அந்தப் புள்ளைகள்கிட்ட போகாதீங்க சாமி, ஒட்டிக்கும்."

இதைச் சொன்னால் எந்தச் சாமியார் சும்மா இருப்பார்? நேரே போனார். வீங்கின பிள்ளையைத் தூக்கினார். முத்தமிட்டார். அது கடித்து வைத்த ரொட்டியில் பாதியையும் தின்றார். சனம் அரோகரா போட்டது.

மூன்று வாரம் கழித்துப் பெரிய பூசை. சாமியார் வெளியே வந்தார். இரண்டு கன்னமும் பூசணி. வீக்கம் கன்னத்தோடு நிற்கவில்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

"சாமி முகத்துல தேஜஸ் கூடிருச்சு!" என்று கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமியாரால் அதுவும் முடியவில்லை. கழுத்துக்குக் கட்டிய மாலை காதோடு சிக்கி நின்றது.

லெட்சுமி ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். "இதைக் கடிச்சு அருள்வாக்கு சொல்லுங்க சாமி."

வீங்கின கன்னத்துக்குப் புளிப்பு ஆகாது. அத்தனை சனம் பார்க்க மறுக்கவும் முடியாது. கடித்தார்.

"அம்மாஆஆ!"

"ஆத்தாவக் கூப்புடுறாரு!" என்று சனம் கும்பிட்டது.

"ஆத்தா இல்லடா! என்னப் பெத்த அம்மா! டிஸ்பென்சரக் கூட்டிக்கிட்டு வாங்கடா!"

அம்பலவாணர் வந்து கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "கூகைக்கட்டு. நீங்கள் சொல்லுற பொன்னுக்கு வீங்கி. ஏன் காணும், உம்மை ஒரு நோயும் தொடாதெண்டீரே?"

"அம்மை சின்ன வயசுல வந்துச்சுங்கய்யா, அதான் இப்ப வரல" என்று தாடியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முனகினார் சின்னத்தம்பி. "இது வரும்னு தெரியாதுங்க."

மறுநாள் மருந்துச்சாலை வாசலில் நிற்க இடமில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் அம்மை குத்தியானது. கங்காணி மட்டும் லெட்சுமியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இனிமே சாமிக்குப் பொன்னுக்கு வீங்கியும் வராதுல்ல? அப்ப அதுக்கு ஒரு பூசை வைக்கலாமா?"

ஒரு தரம் பட்டதை உடம்பு அடையாளம் வைத்துக்கொள்கிறது. மறு தரம் ஏமாறுவதில்லை. அதற்குத் தலையே கிடையாது. தலை இருக்கிற நீங்கள் எத்தனை தரம் ஏமாறுவதாக உத்தேசம்?