தொட்டிக்குள் ஒரு வரப்பு

ஒரு விடுகதை. எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஓய்ந்துபோயிருக்கும். அது என்ன?

என் மகள் வேம்பு இதைக் கேட்டபோது, "உங்கப்பா" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது. அது என் மனைவி வள்ளியம்மை. சரியான விடை: பவளத் தொட்டியின் பழைய பல்பு.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சான், வள்ளியின் தம்பி இராஜாங்கம், போன விடுமுறையில் எங்கள் குடவாசல் வீட்டுக்கு ஒரு கடல்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்தார். அரசாங்கம் கொடுத்த இலவச டி.வி. இருந்த இடத்தில் அது உட்கார்ந்தது. உள்ளே உயிருள்ள பவளம், மீன்கள். மேலே இடமும் வலமுமாக இரண்டு பல்புகள். ஒரு வருஷத்தில் பவளம் சுருங்கத் தொடங்கியது. பொங்கலுக்கு மச்சான் வருகிறார். பவளம் செத்தால் வேம்பு அழுவாள்; மச்சான் சிரிப்பார். எனக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை.

"பல்பு நல்லாத்தானே எரியுது, வள்ளி?"

"எரியும்ங்க. சத்து போயிடுச்சு. பவளத்துக்குன்னே நீலம் கலந்த பல்பு இருக்காம். தம்பி சொன்னான். சென்னையிலேருந்து வரவழைச்சிட்டேன்."

"வெள்ளாமை பண்றவனுக்கு வெளிச்சத்தைப் பத்திச் சொல்றியா?"

நேரே பக்கீர் முகம்மது கடைக்குப் போனேன். இருப்பதிலேயே பெரிய மஞ்சள் பல்பைக் கேட்டேன்.

"வயல்ல பூச்சி பிடிக்கவா?" என்றார்.

"பவளம் வளர்க்க."

பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எரியவிட்டுக் காட்டினார்.

வீட்டில் தகராறு. வள்ளியே முடித்துவைத்தாள். "இடப்பக்கம் உங்க பல்பு, வலப்பக்கம் என் பல்பு. பொங்கலுக்கு முன்னாடி வேம்பு சொல்லட்டும். தோத்தவங்க தொட்டியைக் கழுவணும்."

ஒரு சாண் வரப்புக்காக அண்ணன் தம்பி தாலுகா ஆபீஸ் ஏறும் ஊர் இது. தொட்டிக்குள்ளும் வரப்பு விழுந்தது.

மார்கழி முடிவதற்குள் என் பக்கம் பச்சை கட்டிவிட்டது. கல், மணல், கண்ணாடி, எங்கும் நடவு முடிந்த வயல் மாதிரி. துள்ளினேன்.

"வள்ளி! பயிர் பிடிச்சிடுச்சு!"

"அது பாசிங்க."

"பொறாமை!"

"உங்க பவளம் எங்கே?"

தேடினேன். பச்சைக்கு அடியில், உயிரோடுதான், ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்குச் சுருண்டு கிடந்தது. அவள் பக்கத்தில் பவளம் விரல்விரலாக விரிந்து ஆடியது. மீன்களும் அங்கேயே குடிபோய்விட்டன, பட்டா மாற்றாமலே.

"விளைச்சல் உங்களுதுதாங்க, ஒத்துக்கிறேன்" என்றாள் வள்ளி. "ஆனா களை பறிக்க இந்த வாரம் ஒரு பொம்பளையும் கிடைக்க மாட்டா. நீங்களே குனியுங்க."

"தீர்ப்பு வேம்பு சொல்லணும்!"

முந்தின நாளே வேம்புக்கு அசோகா அல்வா வாங்கிக் கொடுத்திருந்தேன். தைரியமாகக் கேட்டேன். "அப்பா பல்பு நல்லாயிருக்கு, இல்லடா?"

"ரொம்ப நல்லாயிருக்குப்பா."

"கேட்டியா, வள்ளி!"

"கேட்டேங்க. வேம்பு, எதை எங்கே மாட்டலாம்?"

வேம்பு அம்மாவின் பல்பைத் தொட்டிக்கும், என் பல்பை மாட்டுக் கொட்டகைக்கும் தேர்ந்தெடுத்தாள்.