உறைபனித் தடுப்புச் சான்றிதழ், மூன்று பிரதிகளில்

நெருப்பைக் கண்டுபிடித்ததும் சக்கரத்தை உருட்டியதும் பெரிய காரியங்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் பிறகு மனித குலம் உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறது என்றால், அது எங்கள் யேட்விக் படகுச் சங்கத்தின் ‘உறைபனித் தடுப்புச் சான்றிதழ்’தான். மூன்று பிரதிகள். வெள்ளை உரிமையாளருக்கு, மஞ்சள் சங்கத்துக்கு, இளஞ்சிவப்பு யாருக்கு என்று இன்றுவரை ஸ்வீடனில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் பதின்மூன்று வருடமாக அதைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறோம்.

இந்தச் சான்றிதழுக்குத் தாயும் தகப்பனும் ஸ்டூரே. மாவட்ட அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் உறைபனித் தடுப்புக் குழுத் தலைவர். குழுவில் வேறு உறுப்பினர் கிடையாது என்பதால் எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாகவே நிறைவேறின. அவற்றுள் தலையாயது பதினேழாம் விதி: எவருடைய எஞ்சின் கவனக்குறைவால் உறைந்து வெடிக்கிறதோ, அவர் படகுத்துறையில் தம் இடத்தை இழப்பார்.

துறையில் இடம் என்றால் சும்மாவா? மொத்தமே பன்னிரண்டு. காத்திருப்போர் பட்டியல் பத்தொன்பது வருடம் நீளம். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே அதைப் பட்டியலில் பதிந்துவிடுகிற குடும்பங்கள் இங்கே உண்டு. ஸ்டூரேக்கு நான்காம் எண் இடம். காலை வெயில் நேராக விழும். அங்கே படகைக் கட்டிப் போட்டுக்கொண்டு, மனைவி பார்ப்ரோவோடு காபி குடித்தபடி, மற்றவர்கள் கயிறு கட்டும் லட்சணத்தைக் குறை சொல்வதுதான் அவருடைய கோடைக்காலம். அந்த இடம் போனால் அவர் வெறும் ஓய்வூதியக்காரர். இதை அவரே நன்றாக அறிவார்.

குளிருக்கு முன் படகைக் கரையேற்றும்போது எஞ்சினுக்குள் ஏரித்தண்ணீர் தங்கக் கூடாது. தங்கினால் உறையும், உறைந்தால் பருக்கும், பருத்தால் வார்ப்பிரும்பானாலும் பிளக்கும். இந்த மூன்று வரி உண்மையை ஸ்டூரே நாற்பத்தாறு பக்கக் கையேடாக விரித்திருந்தார். அதன் உயிர்நாடி முப்பத்தோராம் பக்கம்: ‘எஞ்சினின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறக்கவும். தண்ணீர் வந்தால் வடியவிடவும். வராவிட்டால் எஞ்சின் காலி எனக் கொள்க.’

அக்டோபரில் கிரேன் வரும் நாள். ஸ்டூரே பலகையில் படிவங்களைச் செருகிக்கொண்டு படகு படகாக ஏறி இறங்கினார். பத்துப் படகில் தங்கமான ஒத்துழைப்பு. தகராறு பண்ணியது ஒரே ஒருவர்: மாய்கென், எழுபத்திரண்டு வயது அம்மாள், ஓய்வு பெற்ற பல் டாக்டர். எஞ்சின் குழிக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார்.

“டாக்டர், படிவம்?”

“கையெல்லாம் துருவும் சகதியுமா இருக்கு ஸ்டூரே. அப்புறம் பாத்துக்கலாம்.”

“‘அப்புறம்’னு படிவத்துல கட்டம் கிடையாதுங்களே.”

“அப்போ ஒண்ணு வரைஞ்சுக்கோ.”

ஸ்டூரே ‘ஒத்துழைப்பு மறுப்பு’ என்று எழுதிவிட்டு இறங்கினார். அந்த அம்மாள் என்ன சுரண்டுகிறார் என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கும் படிவத்தில் கட்டம் கிடையாது.

கடைசியாகத் தம் படகு. கிரேன்காரர் வேறு பொறுமையில்லாமல் ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார். ஸ்டூரே வடிகால் திருகைக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாத்தீங்களாய்யா, ஒரு சொட்டு வரல! இதுக்குப் பேருதான் பராமரிப்பு!”

படகின் இடப்பக்கம் நின்று உரிமையாளராகக் கையெழுத்திட்டார். பிறகு வலப்பக்கம் போய், குழுவின் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஆய்வாளராகக் கையெழுத்திட்டார். நடுநிலை என்றால் இதுவல்லவோ நடுநிலை.

அந்த வருடம் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநான்கு வரை இறங்கியது. ஏப்ரலில் ஸ்டூரே தார்ப்பாயை நீக்கி எஞ்சின் மூடியைத் தூக்கினார். எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

வீட்டுக்கு வந்தவரைப் பார்ப்ரோ ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன, முகம் செத்துக் கிடக்கு? எஞ்சினுக்கு ஏதாவது ஆச்சா?”

“எஞ்சினுக்கு என்ன? சான்றிதழ் இருக்கு.”

“சான்றிதழ் சரி. எஞ்சின்?”

“மூணு பிரதி இருக்கு பார்ப்ரோ!”

மறுநாள் விடிந்ததும் இருபது கிலோமீட்டர் தள்ளி, தெரிந்த முகம் யாரும் வராத ஊர்க் கடைக்கு வண்டியை விட்டார். இரும்பு ஒட்டும் பசை இருந்த அலமாரிப் பக்கம் திரும்பினால், எதிரே சங்கத் தலைவர் இங்வே! கையில் அதே பசை, இரண்டு டப்பா.

“என்னய்யா இங்வே, இவ்வளவு தூரம்?”

“பூந்தொட்டி. விரிசல் விட்டுடுச்சு.”

“அடடா.”

“நீ?”

“எனக்கும் பூந்தொட்டிதான்.”

“இரும்புத் தொட்டியா?”

“வார்ப்பிரும்பு.”

“எனக்கும்.”

கல்லாவில் இருந்த பெண் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள். “யேட்விக்கா நீங்க? அங்க இந்த வருஷம் பூந்தொட்டிக்கு என்னவோ நோய் வந்திருக்கு. இந்த வாரத்துல நீங்க ஒன்பதாவது, பத்தாவது ஆளு.”

ஸ்டூரே பெருமிதம் கொண்டார். உறுப்பினர்களிடையே தோட்டக்கலை இப்படித் தழைத்திருப்பது அவருக்குத் தெரியாமல் போயிற்றே!

விரிசலைத் தேய்த்தார், பசையை அப்பினார், மேலே எஞ்சினின் பச்சை வண்ணத்தையே பூசினார். பார்க்கப் புத்தம்புதிது போல இருந்தது. தோட்டக் குழாயைச் செருகித் தண்ணீர் விட்டார். பூவாளி தோற்கும்படி விரிசல் வழியே பீச்சியது. ஆக, இந்த எஞ்சினை ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓட்டாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஓட்டாத எஞ்சினைப் போலப் பத்திரமான எஞ்சின் உலகத்தில் வேறு ஏது?

மே மாதம் படகு இறக்கும் நாள். கிரேன் முதலில் இங்வேயின் படகை ஏரியில் வைத்தது. தலைவர் சாவியைத் தொடவில்லை, துடுப்பை எடுத்தார்.

“முதுகுவலிக்கு இதுதான் நல்லதாம்யா.”

அடுத்தவர் துடுப்பை எடுத்தார்: முக்குளிப்பான் பறவைகள் முட்டையிடுகிற நேரமாம், சத்தம் கூடாதாம். அதற்கடுத்தவர் பூமி சூடாவதைப் பற்றி உருக்கமாகப் பேசிவிட்டு, துடுப்பு கிடைக்காமல் சமையலறைத் தட்டால் தண்ணீரை வலித்தார். ஸ்டூரே தம் முறை வந்ததும், “பாரம்பரியம்!” என்று மட்டும் சொன்னார். டன் கணக்கில் எடையுள்ள பதினோரு மோட்டார் படகுகள், முக்கலும் முனகலுமாக, காற்றடித்த பக்கமெல்லாம் போய், மதியத்துக்குள் முந்நூறு மீட்டர் கடந்த அந்தக் காட்சி இருக்கிறதே! சுற்றுச்சூழலுக்காக இத்தனை பேர் ஒரே நாளில் தியாகம் செய்ததை நாங்கள் வேறெங்கும் கண்டதில்லை.

அப்போதுதான் அந்த அருவருப்பான சத்தம் கேட்டது. மாய்கெனின் எஞ்சின், முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. பதினோரு தலைகள் திரும்பின. அம்மாள் வளைகுடாவை ஒரு சுற்றுச் சுற்றி ஸ்டூரேயின் பக்கத்தில் வந்து கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

“இப்படியே வலிச்சா ராத்திரி ஆயிடும் ஸ்டூரே. இழுத்துட்டுப் போகட்டுமா?”

“வேண்டவே வேண்டாம்!” என்றார் ஸ்டூரே. மற்ற பத்துப் படகுகளிலிருந்தும் அதே குரல் வந்தது.

அன்று மாலையே அவசரக் கூட்டம். காபி, இலவங்கப்பட்டை ரொட்டி, ஒரே பொருள்: ஒன்பதாம் விதியை மீறிச் சான்றிதழ் இல்லாத எஞ்சினைத் துறையில் ஓட்டியது. தண்டனை, இடம் பறிப்பு.

“சான்றிதழ் இல்லாம எஞ்சின் எப்படி ஓடுச்சுன்னு விளக்கணும்,” என்றார் இங்வே.

“இதுல விளக்க என்னப்பா இருக்கு? வடிகால் ஓட்டையில துரு அடைச்சிருந்தது. திருகைக் கழட்டினேன், ஒண்ணும் வரல. ஒண்ணும் வரலைன்னா உள்ள ஒண்ணும் இல்லைன்னு எந்தப் பல் டாக்டராவது நம்புவாளா? பல்லு சுரண்டற கொக்கியை விட்டுக் குத்தினேன். அரை வாளித் தண்ணி கொட்டுச்சு.”

பதினோரு பேரும் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். ஸ்டூரேக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. முப்பத்தோராம் பக்கம் விளங்கியது, பூந்தொட்டி விளங்கியது, பத்துப் படகின் துடுப்பும் விளங்கியது. அத்தனை எஞ்சினையும் பிளந்தது குளிரல்ல, தம் கையேடுதான். காது மடல் வரை சுட்டது அவருக்கு.

“ஸ்டூரே,” என்றார் மாய்கென் மெதுவாக, “உன் எஞ்சின் ஓடுதா?”

ஒரே வார்த்தை. ‘இல்லை’ என்று சொன்னால் அந்த அம்மாளின் இடம் தப்பும். நான்காம் எண்ணும் காலை வெயிலும் போகும். சொல்லிவிடத்தான் எழுந்தார். சத்தியமாக அதற்காகத்தான் எழுந்தார். பத்து ஜோடிக் கண்கள் ‘வேண்டாம்யா’ என்று அவரைக் கெஞ்சின.

“என் எஞ்சினுக்குச் சான்றிதழ் இருக்கு,” என்றார்.

அவர் கைதான் முதலில் உயர்ந்தது. பதினொன்றுக்குப் பூஜ்யம். வெட்கம் பிடுங்கித் தின்ன, தலை குனிந்தபடியே தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதினார்.

மாய்கென் ரொட்டியை நிதானமாகத் தின்று முடித்து, விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, நான் கிளம்பறேன். அடுத்த வளைகுடா அரை மணி நேரம், என் படகு போயிடும். நீங்கல்லாம் எங்கப்பா போவீங்க?”

இந்தக் கேள்வி நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் குறிப்பில் ஏற்றப்படவில்லை. ஆண்டறிக்கைக்காக ஸ்டூரே அன்றே எழுதி வைத்ததை மட்டும் இங்கே பெருமையுடன் தருகிறோம்: ‘இந்த ஆண்டு யேட்விக்கில் உறைபனிச் சேதம் ஏதுமில்லை. சேதமாகாத எஞ்சின் ஒன்று மட்டும் இருந்தது; அதையும் நீக்கிவிட்டோம்.’