சிவப்பு நாரைக்கு ஒரு சாட்சி

ஐம்பதுகளில் ஓசூரில் கல்யாணம் செய்துகொண்ட ஒருவர்கூடத் தங்கள் கல்யாணப் படத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். சந்தேகமிருந்தால் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை, பெண், சம்பந்திகள் எல்லோரும் விழி பிதுங்கி நிற்பார்கள். அத்தனைக்கும் காரணம் ஒரே ஆள்தான். எங்கள் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. 'அசையாதே' என்றுதான் ஊரே சொல்லும்.

லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, மூன்று எண்ணி, திரும்ப மூடுகிற மரப்பெட்டிக் காமிரா அவருடையது. மூடியில் விரல் பட்டதுமே தொண்டை திறந்துகொள்ளும். "அசையாதே! அல்லாடபேடா! கதலொத்து!" என்று தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரு கத்தல். எல்லையோர ஊர், எதிரில் நிற்பவருக்கு எந்த பாஷை என்று யார் கண்டது? அந்தக் கத்தலில்தான் பாதிப் பேர் தூக்கிவாரிப்போட்டு அசைவார்கள். அசைந்ததற்கும் திட்டு விழும்.

நான் தாலுகா ஆபீசில் கிளார்க். குடியிருந்தது அந்த ஸ்டூடியோவின் மாடியறையில். என் தலையெழுத்து.

வம்பு ஒரு திரைச்சீலையில் ஆரம்பித்தது. ஆட்களுக்குப் பின்னால் தொங்கவிட அவரே வரைந்த கடல் சீன் அது. நீல அலை, ஒரு தென்னை, கரையில் நாலு சிவப்பு நாரைகள். அவர் கடலைப் பார்த்ததே இல்லை. யாரோ ஒரு லாரி டிரைவர் சொன்னதைக் கேட்டு வரைந்துவிட்டார். ஒருநாள் எங்கள் ஹெட்கிளார்க் குடும்பத்தோடு படமெடுக்க வந்தார். கடலூர்க்காரர். சீனைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கடற்கரையிலேயே பொறந்து வளந்தவன்யா நான். செவப்புல நாரை ஏது? வெத்தல பாக்கு போட்டுவுட்டியா?"

அசையாதேக்கு முகம் கறுத்துவிட்டது. "இருக்குது சார். போட்டோ புடிச்சாந்து காட்றேன். அப்ப பேசுங்க" என்றார்.

அவர் போவதானால் போகட்டும். என்னை ஏன் இழுக்க வேண்டும்? பொங்கலுக்கு மூன்று நாள் லீவு. மத்தூரில் அம்மா காத்திருந்தாள். "தொணைக்கு வாப்பா, ஒரு நாள்ல திரும்பிடலாம்" என்று சொல்லி, மரஸ்டாண்டை என் தோளில் ஏற்றிவிட்டார். கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், மதராசுக்கு ஒரு பஸ், பொன்னேரிக்கு ரயில், அங்கிருந்து மாட்டு வண்டி. அந்த லாரி டிரைவர் நாரை பார்த்த பழவேற்காட்டு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரெல்லாம் பொங்கல் வைத்து, தின்று, கை கழுவியிருந்தது. எனக்குக் கிடைத்தது ஆறிப்போன இரண்டு இட்லி. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஏரியில் இறங்கியதும் சேறு என் இரண்டு செருப்பையும் வாங்கிக்கொண்டது. ஆனால் நாரைகள் இருந்தன. நூற்றுக்கணக்கில், ஒற்றைக் காலில், வெளிறிய ரோஜா நிறத்தில். கடல் காற்றுக்குக்கூட அசையவில்லை. அவர் வாழ்நாளில் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் வாய்த்ததில்லை. மெதுவாக ஸ்டாண்டை ஊன்றினார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். படம் பதிகிற கண்ணாடி பிளேட்டைச் செருகினார். மூடியில் கை வைத்தார்.

"அசையாதே! அல்லாடபேடா! கதலொத்து!"

அத்தனையும் எழும்பிவிட்டன. விரித்த சிறகுக்குள்ளே குங்குமம் மாதிரி சிவப்பு. ஏரிக்கு மேல் வானமே சிவந்து போயிற்று. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவரோ, "நிக்குதா பாரு! ஒத்தக் கால்ல நிக்கத் தெரியுது, ஒரு நிமிசம் சொன்ன பேச்சு கேக்கத் தெரியல!" என்று பறவைகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கொண்டுபோனது ஆறு பிளேட். ஐந்தை இப்படியே கத்திக் கத்தித் தொலைத்தார்.

"அண்ணா, வாயத் தொறக்காம எடுங்க."

"அது எங்கப்பா? கை போனா வாயும் கூடவே போவுது."

ஆறாவது பிளேட்டுக்கு, பின்னால் நின்று அவர் வாயை என் கையால் பொத்திக்கொண்டேன். மூடியைக் கழற்றினார். தொண்டை புடைத்தது. வழி இல்லாமல் என் உள்ளங்கையைக் கடித்துவிட்டார். ரத்தம் வந்தது. நான் கத்தவில்லை. படம் பிளேட்டில் விழுந்தது.

திரும்பும்போது, பஸ் குருபரப்பள்ளியைத் தாண்டுகையில்தான் எனக்கு அது உறைத்தது. "அண்ணா, நம்ம போட்டோ கறுப்பு வெள்ளையாச்சே. செவப்பு எப்படித் தெரியும்?"

இருபது வருஷம் இதே தொழில் செய்த மனிதர் என்னையே பார்த்தார். 

மறுநாள் படத்தைக் கழுவிக் காயவைத்து, நாரைகளுக்குச் சிவப்புச் சாயம் தீட்டி, நேரே எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஹெட்கிளார்க் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்யாணப் பொண்ணுக்கெல்லாம் ஒதட்டுச் சாயம் அடிக்கிற ஆளு, நாரைய வுட்டுவப்பியா?"

"இவன் கூட இருந்தான் சார், கேளுங்க. சும்மா மூட்டை தூக்கத்தான் வந்தான். இவன் கையி குறுக்க வந்து, இந்த ஒரு படமும் கெட்டுப்போவப் பாத்துது."

குறுக்கே வந்ததாம்! கட்டுப் போட்ட கையோடு நான் நிற்கிறேன். பொங்கல் போயிற்று, செருப்பு போயிற்று, கையும் போயிற்று. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"நீயே சொல்லுப்பா, என்ன நிறம்?" என்றார் ஹெட்கிளார்க்.

"வெள்ளைதான் சார்."

ஆபீசே சிரித்தது. அசையாதே என்னைத் திட்டுவார், அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

நாலு மாதம் கழித்து எனக்குக் கல்யாணம். தாலி கட்டிய கையோடு எல்லோரும் ஸ்டூடியோவுக்கு வந்தோம். நடு நாற்காலியில் ஹெட்கிளார்க். பக்கத்தில் நானும் என் மனைவியும். திரும்பிப் பார்த்தேன். அதே கடல், அதே தென்னை. நாலு நாரைகளும் வெள்ளையாக இருந்தன. அவரே சுண்ணாம்பு வெள்ளையை அடித்திருக்கிறார்.

 நான் எழுந்துவிட்டேன்.

"அண்ணா, அதுக்குச் செவப்பு அடிங்க. அப்பத்தான் நிப்பேன்."

"படத்துல எப்படியும் தெரியாதுப்பா."

"தெரியாட்டி போவுது. செவப்புதான். நான் பாத்தேன்." ஹெட்கிளார்க் பக்கம் திரும்பினேன். "சார், அன்னிக்கிக் கோவத்துல பொய் சொல்லிட்டேன். றெக்கைய விரிச்சா அத்தனையும் செவப்பு."

ஹெட்கிளார்க் கூரையைப் பார்த்தார். புதுப் பெண்டாட்டி என்னைப் பார்த்தாள், இந்த ஆளுக்கா கழுத்தை நீட்டினோம் என்று. அசையாதே பிரஷ்ஷை எடுத்தார். நாலு நாரைக்கும் சிவப்பு ஏறும்வரை மொத்தக் கல்யாணக் கூட்டமும் வேர்க்க விறுவிறுக்கக் காத்திருந்தது.

பிறகு காமிராவுக்குப் பின்னால் போனார். மூடியில் கை வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கத்தல் வரவில்லை. ஒரு பாஷையிலும் வரவில்லை.

அந்தப் படம்தான் இன்றும் என் வீட்டு முன்கூடத்தில் மாட்டியிருக்கிறது. முகங்களெல்லாம் கலங்கலாக இருக்கும். இன்னொன்று எடுத்துத் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னார், நான் சம்மதிக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் ஒருவரும் அசையவில்லை. ஸ்டாண்டைப் பிடித்திருந்த அவருடைய கைதான் நடுங்கிவிட்டது.