அளவே வைக்காத தண்ணீர்

அம்பத்தூர்
3.7.1992

மரியாதைக்குரிய மாமா மதுரைவீரன் அவர்களுக்கு, மச்சினி வசந்தகுமாரி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கு அப்பா, அம்மா, நான் எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன். திருநின்றவூரில் நீங்களும், உங்கள் அம்மாவும், ஐந்து மாதமாக வாயும் வயிறுமாக இருக்கும் எங்கள் சொர்ணம் அக்காவும் சுகம்தானே? உங்கள் எதிரில் நின்று நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் சேர்த்து வைத்து ஒரே வார்த்தையாகக் கேட்டுவிடுகிறேன். ஆவணியில் வளைகாப்பு முடிந்ததும் அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அனுப்பாதீர்கள். 'பொண்ணப் பெத்தவங்க பிரசவத்துக்குக் கூட கூப்பிடல பாரு' என்று உங்கள் அம்மா தெருவெல்லாம் சொல்வார்கள். சொல்லட்டும். பழியை யாரும் குடிக்க வேண்டியதில்லை. தண்ணீரைக் குடித்தாக வேண்டுமே!

காரணம் எங்கள் தெருக்குழாய்தான் மாமா. நான் எட்டாவதோடு நின்றதே அதனால்தான். குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற நேரமும் ஒன்றாக இருந்ததால், வீட்டில் குடத்தின் பக்கம் தீர்ப்பானது. என் படிப்பைக் குடித்த அந்தக் குழாய், பொங்கலுக்குப் பிறகு புதுசாகப் பெயின்ட் அடித்த கதவு மாதிரி நாற ஆரம்பித்தது. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஏதோ கம்பெனி, இரும்புச் சாமான் கழுவின மருந்தை மண்ணிலேயே கொட்டுகிறது என்று பேச்சு. எந்தக் கம்பெனி என்று கேட்டால் எல்லோருக்கும் உடனே வேறு வேலை வந்துவிடுகிறது. கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்ல, அம்மா கொதிக்க வைத்தாள். ஆவி மூக்கில் ஏறித் தலை சுற்றி, அடுப்புக்குப் பக்கத்திலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். பட்டறையிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு வந்தவர் இரண்டு சொம்பு ஊற்றியதும் கை பளபளவென்று ஆகிவிட்டது. "இன்னாமே, இனிமே சோப்பே வாங்க வேணாம் போல கீது!" என்றார். "கிரீஸையே கரைக்குதே, கொடலு இன்னா ஆவும்னு ரோசன பண்ணியா?" என்று அம்மா கேட்டதும், குடிக்கத் தூக்கிய சொம்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். டீயை எந்தத் தண்ணீரில் போடுகிறார்கள் என்று அவருக்கு நாங்கள் சொல்லவில்லை.

காலிக் குடங்களை ரோட்டில் வைத்து பஸ்ஸை நிறுத்திய பிறகு ஒரு அதிகாரி வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவர், கல்யாண வீட்டில் மொய் வாங்கினவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக, "நல்ல தண்ணிதாம்மா. உப்பு சரியா இருக்கு, கிருமி இல்ல" என்றார்.

பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்கா விடவில்லை. "அப்ப இந்த நாத்தம் இன்னா சார்?"

"அது ஏதோ கெமிக்கல். இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கு இன்னும் கவர்மென்ட்ல அளவே வெக்கல. அளவு வெச்சாத்தானே மீறிடுச்சுன்னு சொல்ல முடியும்? மீறலேன்னா நல்ல தண்ணி."

"அப்புடியா நைனா? எங்க ஊட்டுக்காரன் குடிக்கிறதுக்கும் இதுவரைக்கும் யாரும் அளவு வெக்கல. அவனும் நல்லவன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போ!"

குழாயடியே சிரித்தது. யாரோ ஒரு டம்ளர் பிடித்து அவரிடம் நீட்டினார்கள். "இன்னிக்கு எனக்கு விரதம்மா" என்றார் வாயில் இருந்த மசால்வடையை ஒதுக்கிக்கொண்டு. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் எனக்கு எப்படியோ தைரியம் வந்து, தாயம்மா அக்கா முதுகுக்குப் பின்னால் நின்றபடியே, "மாசமா இருக்கிறவங்க குடிக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் ஜீப்பைப் பார்த்துக்கொண்டே, "அதுக்கும் அளவு வெக்கலம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதனால்தான் எழுதுகிறேன் மாமா. உங்கள் ஊரில் கிணறு இருக்கிறது, ஏரி இருக்கிறது. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அக்கா அங்கேயே இருக்கட்டும். வளையல், சீர் எல்லாம் நாங்களே தூக்கிக்கொண்டு வருகிறோம், அம்மா கூடவே தங்கிப் பார்த்துக்கொள்வாள். உங்கள் அம்மா திட்டினால் என்னைத் திட்டச் சொல்லுங்கள். நான் எதிர்த்துப் பேசமாட்டேன் என்பது அவர்களுக்கே தெரியும்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு. அக்காவின் கன்னத்துக்கு ஒரு முத்தம். வயிற்றுப் பிள்ளை மகராசனாக, மகராசியாக, வெளியே வர அவசரப்படாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
க. வசந்தகுமாரி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள், பெட்டியோடு அக்காவே ரயிலேறி வந்து வாசலில் நிற்கிறாள். உங்கள் கடிதத்தையும் கொடுத்தாள். சித்திரையிலிருந்து உங்கள் கிணற்றிலும் ஏதோ நாற்றம், அங்கும் ஒருவர் வந்து பார்த்து நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட்டார், ஆகவே வளைகாப்பு வரை காத்திருக்காமல் அனுப்புகிறேன், அம்பத்தூரில் குழாய்த் தண்ணீர் இருக்கிறதே என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே நான் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வந்த அக்கா குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். அம்மா சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறாள். பதில் உடனே போடவும்.