முரட்டு வண்டியும் அக்காவின் முழங்காலும்

சூடான டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும்போது ஒரு வாசனை எழும். பாதி பூஜை அறை, பாதி மெக்கானிக் ஷெட். மாம்பழச் சாலைப் பக்கம் ஏதாவது புது வண்டி மாலை போட்டு நின்றால் போதும், அந்த வாசனை வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ளும். நான் உடனே ரோட்டின் மறுபக்கம் போய்விடுவேன். ஐம்பதை நெருங்குகிற மனிதன் எலுமிச்சம்பழத்துக்குப் பயந்து ரோட்டைக் கடப்பதை ஸ்ரீரங்கத்தில் சிலர் பார்த்திருக்கிறார்கள். (ஏதோ பரிகாரம் என்று நினைத்திருப்பார்கள். அப்படியே இருக்கட்டும்.)

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை ஆறு வருஷத்துக்கு முன், ஒரு மாத இதழின் ஆசிரியர் போன் செய்தபோதே சொல்லியிருக்கலாம். அவர் இதழில் 'வாங்கலாமா?' என்று ஒரு பக்கம் வரும். புது வண்டியை ஒருவர் ஓட்டிப் பார்த்து, வாங்க நினைப்பவர்களுக்கு நல்லது கெட்டது சொல்வார். சொல்லிக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போய்விட்டார்.

"பஸ் பயணத்தப் பத்தி ஒரு வசன கவிதை எழுதியிருந்தீங்களே, நல்லா இருந்துச்சு. அதே மாதிரி இதையும் எழுதிக் குடுத்துருங்க," என்றார்.

அந்தப் பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், ஓட்டவில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்லத் தோன்றவில்லை. அப்போது என்னிடம் இருந்தவை ஒரு பழைய ஸ்கூட்டர், நண்பர்களின் காரைக் கெஞ்சி ஓட்டிய பழக்கம், எதைப் பார்த்தாலும் சுரக்கிற உவமை. மூன்றாவதை நம்பித்தான் சரி என்றேன்.

எழுதச் சொன்ன வண்டி நடுத்தர அளவு எஸ்.யூ.வி. மேடு, பள்ளம், சேறு, ஆற்று மணல் எதற்கும் அசராத முரட்டு வண்டி என்று விளம்பரம். அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூன்று பக்கம் எழுதி முடித்துவிட்டேன். 'இரும்பில் வார்த்த மழைக்காலம்' என்று தொடங்கியது. மைலேஜ் எவ்வளவு என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் காலி விட்டிருந்தேன்.

இதோடு போயிருந்தால் நஷ்டம் தமிழுக்கு மட்டும்தான். ஆனால் லால்குடிக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரை ரோட்டின் கோடியில், என் அக்கா தனம் இருந்தாள். எட்டு மாதம் முன்பு அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. வீட்டுக்குத் திரும்பிய ஆட்டோதான் அந்தக் கரை ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் அவள் காலுக்கு அறிமுகப்படுத்தியது. அன்று இறங்கியவள் அதன்பிறகு வாசலைத் தாண்டவில்லை. பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்ணே வீட்டுக்கு வந்து போனாள்.

அக்காவின் ஒரே மகள் மலர் மணப்பாறையில் ஏழு மாதக் கர்ப்பம். மூன்று வாரத்தில் வளைகாப்பு. தாய் வீட்டு வளையலோடு அக்கா போய், மகளைக் கையோடு பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அக்காவோ, "நாலு பேரு தூக்கி, சம்பந்தி வீட்டு வாசல்ல மூட்டை மாதிரி இறக்குவீங்க. நான் வரல, நீங்க போய் கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, வாங்கி வைத்த கண்ணாடி வளையல்களைத் தினமும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் கலியபெருமாள் மாமா அதிகம் பேசாதவர். அந்த ரோட்டுக்குத் தாங்குகிற வண்டியாக ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, எனக்குப் போன் செய்தார்.

"நீதான் வண்டிய அலசி எழுதறியாமே மாப்ள. நீ பாத்து சரின்னா சரி. நான் புக் பண்ணிடறேன்."

நாற்பத்திரண்டு வயதில் முதல் முறையாக என் சொல்லை நம்பி ஒருவர் ஏதோ செய்யப் போகிறார். அந்த மயக்கத்தில் ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சி ஷோரூமில் டெமோ வண்டியைக் கொடுத்தார்கள். கூடவே விற்பனைப் பிரிவிலிருந்து பர்வீன் வந்தார். முப்பது வயதிருக்கும். மடியில் ஒரு படிவம், கையில் பேனா. டெமோ வண்டியைத் தனியாக அனுப்பமாட்டார்களாம். (என்னை ஒரு முறை பார்த்த பிறகு அந்த விதியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.)

காவிரிப் பாலத்தில் போகும்போது அவருக்கு என் கட்டுரையின் முதல் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்குங்க சார். கிளட்ச்லேருந்து கால எடுத்துருங்க. தீயிற வாசனை வருது."

எடுத்தேன்.

"வண்டி வாங்கறது யாருக்குங்க சார்? வீட்ல பெரியவங்க இருந்தா கால் வச்சு ஏற சைடு ஸ்டெப் போட்டுத் தரலாம். இந்த வண்டில அது இல்ல, தனியா மாட்டணும்."

"வேண்டாம்," என்றேன். அப்போதுதான் அந்த வரி என்னுள் பிறந்தது. அதை அடக்கவும் முடியவில்லை. "படி வைத்த முரட்டு வண்டி, செருப்புப் போட்ட யானை."

பர்வீன் படிவத்தில் எதையோ எழுதினார்.

நேராக லால்குடிக்குப் போயிருக்க வேண்டியவன். மனைவி செல்வியிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் சந்துக்குள் வண்டியை விட்டேன். ஸ்கூட்டரில் நுழைகிற சந்தில் அந்த வண்டி நுழைந்தபோது இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. ஒன்றே ஒன்றுகூட மூடவில்லை. பதினைந்து வருஷமாக, "இன்னும் எழுதிண்டுதான் இருக்கேளா?" என்று மட்டும் விசாரித்து வந்த எதிர்வீட்டுக் கோமளா மாமி படியிறங்கி வந்தார்.

"வண்டி வாங்கியாச்சா? பெருமாள் கிருபை. இத்தனை நாள் கழிச்சாவது கடாக்ஷிச்சாரே."

இல்லை மாமி, இது ஷோரூம் வண்டி. ஐந்தே சொல். வாய்வரை வந்தது. அந்த ஜன்னல்களைப் பார்த்தேன்.

"பாத்துட்டிருக்கோம் மாமி," என்றேன்.

அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாமி உள்ளே போய் நான்கு எலுமிச்சம்பழமும் சந்தனக் கிண்ணமும் கொண்டு வந்தார். "பழம் நசுக்காம வண்டிய நகத்தப்படாது." யாரோ மாலை கொண்டு வந்தார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். மாமி தன் கையாலேயே முன்பக்க மூடியின் நட்டநடுவில் பெரிய நாமம் ஒன்று இட்டார். என்ன நேர்த்தி. ஒரு கோடு கோணவில்லை.

பர்வீன் என் பக்கம் சாய்ந்து, "சார், இது டெமோ வண்டிங்க. நாளைக்கு இன்னும் நாலு பேருக்கு ஓட்டிக் காட்டணும்," என்றார் மெதுவாக.

செல்வி இன்னும் மெதுவாக, "இப்பவே சொல்லிடுங்க," என்றாள்.

"அப்புறம் சொல்லிக்கலாம்," என்றேன். என் வாழ்க்கையின் பெரும்பாலான விபத்துகள் இந்த இரண்டு சொல்லில்தான் புறப்பட்டிருக்கின்றன. நான்கு பழமும் நசுங்கின. சந்தே கை தட்டியது.

கொள்ளிடம் தாண்டி, டோல்கேட்டில் திரும்பி, லால்குடி ரோட்டில் போகும்போது மாலையைக் கழற்றிவிட வேண்டும் என்று மூன்று முறை நினைத்தேன். வயல்களுக்கு நடுவே, நெற்றியில் நாமமும் கழுத்தில் மாலையுமாக ஒரு வாகனம் என்னைச் சுமந்து போவது பார்க்க நன்றாக இருக்கும் என்று நாலாவது முறை நினைத்தேன். வாய்க்கால் கரை ரோட்டில் ஒரு பள்ளமும் தெரியவில்லை. அந்த ஒரு விஷயத்தில் விளம்பரம் பொய் சொல்லவில்லை.

அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றாள். மாமா கேட்டைத் திறந்தார். சந்தனத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை அதற்கு முன் அவர் கல்யாண போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

"அட, பூஜையே போட்டு எடுத்துட்டு வந்துட்டியா மாப்ள? சொல்லவே இல்ல." பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, "வண்டி வந்துருச்சு," என்றார். அவ்வளவுதான், ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நடந்து வந்துவிட்டாள். பின்கதவைத் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு காலை எடுத்தாள். கால் பாதி உயரத்தில் நின்றது. இறக்கினாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மறுபடி எடுத்தாள். அதே பாதி.

"ஏறிடலாம்க்கா," என்றேன். "இதோட தரை இடைவெளி ரொம்ப அதிகம். தரைக்கும் வண்டி வயித்துக்கும் நடுவுல இவ்வளவு இடம் இருக்கறதாலதான் பள்ளமே..."

"எல்லாம் சரி தம்பி. நான் எங்க கால வைக்கறது?"

மாமா ஓடிப் போய் ஒரு ஸ்டூல் கொண்டு வந்தார். அது ஆடியது. நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கினோம், பீரோவை மாடிக்கு ஏற்றுவதுபோல. முக்கால்வாசி ஏறிய பிறகு அக்கா, "விடுங்க. இறக்குங்க," என்றாள். இறக்கினோம். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து மாலையைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"வேணாம்னு சொல்லவும் முடியல. பழம் நசுக்கி, சந்தனம் வச்ச வண்டி. புள்ளத்தாச்சிப் பொண்ண கூட்டிட்டு வர நேரத்துல அத எப்படித் திருப்பி அனுப்பறது? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல தம்பி."

என் எலுமிச்சம்பழம் அவளை எங்கே கொண்டு நிறுத்தியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஏறவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மூன்று பக்கம் எழுதிய கையால் ஒரு வரி சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா, இது நம்ம வண்டி இல்ல."

"என்ன?"

"ஷோரூம் வண்டி. ஓட்டிப் பாக்கக் குடுத்தது. எதிர்வீட்டு மாமி சந்தனம் வச்சாங்க. நான் பேசாம இருந்துட்டேன்."

"ஏன்?"

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க."

அக்கா பர்வீனைப் பார்த்தாள். பர்வீன், "ஆமாங்க, எங்க வண்டிதான்," என்றார், ஏதோ தன் தப்புபோல. அக்கா முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோய்க் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு என்று மாமா பிற்பாடு சொன்னார்.

"அப்ப இந்தப் பூஜையோட பலன் உங்க முதலாளிக்கா?" என்று பர்வீனைக் கேட்டாள். "போகட்டும், அவரும் நல்லா இருக்கட்டும். நீ வாம்மா. எழுதிக்க. இவன் கேக்காதத நான் கேக்கறேன்."

கேட்டாள். கதவை உள்ளேயிருந்து சாத்த எவ்வளவு எட்ட வேண்டும்? கைத்தடியை எங்கே வைப்பது? சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் படுமா, தொங்குமா? வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு பெல்ட் எங்கே அழுத்தும்? பர்வீனின் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுதிக்கொண்டார். அப்புறம் அவரே கொல்லையிலிருந்து செங்கல் எடுத்து வந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அக்காவைக் காலை வைக்கச் சொன்னார். இரண்டு செங்கல், வலியில்லை. மூன்று, பரவாயில்லை. நாலாவதில் அக்கா உதட்டைக் கடித்தாள். மூன்று செங்கல் உயரத்தைக் கைத்தடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் குறித்தார்.

"சைடு ஸ்டெப் மாட்டினாலும் இந்தக் கோட்டுக்கு மேலதாங்க வரும். அதுக்குக் கீழ இன்னொரு படி வேணும். நான் சார்கிட்ட ஸ்டெப்ப பத்தி காலைலயே சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

பர்வீன் நல்ல பெண். யானையைப் பற்றி வாய் திறக்கவில்லை. படிவத்தில் எழுதி வைத்திருந்ததை மாமாதான் எட்டிப் பார்த்து உரக்கப் படித்தார்.

அந்த மத்தியானம் முழுவதும் பம்ப்செட் தண்ணீரில் நான் வண்டி கழுவினேன். நாமம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. முன்பக்கச் சல்லடையில் இறங்கிய சந்தனத்தைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் நோண்டி எடுத்தேன். காலையில் வண்டி பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் இதையும் இருந்து பார்த்தார்கள். மாலையை ஆடு தின்றது.

மாமா அதே வண்டியைத்தான் வாங்கினார். அந்த ரோட்டுக்கு வேறு வண்டி சரிப்படாது. ஷோரூமில் மாட்டிய படிக்குக் கீழே, லால்குடி வெல்டிங் பட்டறையில் சொல்லி மடக்குப் படி ஒன்று தொங்கவிட்டார்கள். பர்வீன் கைத்தடிக் கோட்டை வைத்து அளந்து பார்த்துச் சரி என்ற பிறகே பட்டறைக்காரர் நட்டை முடுக்கினார். நான் மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டு, அக்காவின் கேள்விகளை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். "இது கட்டுரையா, மளிகை லிஸ்ட்டா?" என்று ஆசிரியர் அலுத்துக்கொண்டார். போட்டார். அடுத்த மாதம் அந்தப் பக்கத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் நான் எதையாவது ஆகா ஓகோ என்று சொன்னால், அது மிக்ஸியோ மாப்பிள்ளை வரனோ, யாராவது ஒருவர், "எல்லாம் சரி, நான் எங்க கால வைக்கறது?" என்பார். புதிதாக எழுதிய கவிதையைச் செல்வியிடம் நீட்டினாலும் அதே கேள்விதான்.

வளைகாப்பன்று காலையில், கூடவே மணப்பாறைக்குப் போவதற்காக வெள்ளை வேட்டியில் லால்குடிக்குப் போய் நின்றேன். அக்கா பட்டுப்புடவையில் இருந்தாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. பிடிக்க நீண்ட என் கையைத் தட்டிவிட்டாள். மடக்குப் படியில் ஒரு கால். மேல்படியில் ஒரு கால். ஒரு மூச்சு. சீட்டில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, கதவைத் தானே சாத்தினாள். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் மறுபக்கக் கதவைத் திறந்தேன். வளையல் தட்டு, பூத்தட்டு, பழத்தட்டு, அவற்றுக்கு மேல் சாதம் கட்டிய தூக்குகள். ஊசி குத்த இடமில்லை.

அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"நீ பஸ்ல வந்துரு தம்பி."