யுனிவர்சிட்டியில் எனக்கொரு பெஞ்சு

யுனிவர்சிட்டிக்குப் போவது என்று முடிவெடுத்தேன். அதுவும் ஜெர்மனியில்.

சிரிக்காதீர்கள். நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருப்பவன் படிக்கக்கூடாது என்று சட்டமா? என் மகள் யுவஸ்ரீ ஜெர்மன்காரப் பையன் லூக்காஸைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். அவள்தான் போனில் சொன்னாள்.

"அப்பா, இங்க யுனிவர்சிட்டியில லீவு மாசத்துல பாஷை கிளாஸ் நடத்துறாங்க. ஸ்டூடண்டா சேரவே வேண்டாம். வெளியாளுங்களும் பணம் கட்டி உக்காந்து படிக்கலாம்."

"பழைய மார்க்கு கேப்பாங்களா சாமி?"

"கேக்க மாட்டாங்கப்பா."

இப்படியொரு யுனிவர்சிட்டியைத்தான் நான் வாலிப வயதிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

உள்ளூர என் திட்டம் வேறு. காலையில் கிளாஸ், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் ஆற்றோரம் காற்று. ஒரு மாதம் கோழி முகத்தில் விழிக்க வேண்டாம். ஆனால் பண்ணையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே? பாவாயி இருக்கிறாள். என் மனைவி. அவளைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

"பாவாயி, பேரன் எமில் போன்ல பேசுறது உனக்குப் புரியுதா?"

"எங்கீங்க? 'ஓமா, ஓமா'ங்கறான். ஆமாங்கறானாக்கும்னு நானும் 'ஆமா, ஆமா'ங்கறேன்."

"ஓமான்னா அந்த பாஷையில அம்மிச்சின்னு அர்த்தம்."

தட்டில் விழவேண்டிய தோசை கரண்டியிலேயே நின்றது.

"அட சாமி! இத்தன நாளா என்னயவா கூப்பிட்டிருக்கான்?"

கண் கலங்கிவிட்டாள். இதுதான் சமயம் என்று நான் புகுந்தேன்.

"அதான் சொல்றேன். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது போய்ப் படிச்சே ஆகணும்."

"ஆமாங்க."

"படிக்கறதுக்கு வயசெல்லாம் ஒரு கணக்கா?"

"இல்லீங்க."

"பண்ணையை ஒரே ஆள் பாத்துக்கலாம். தீவனத்த மெஷின் போடுது. தண்ணி குழாயில போவுது. முட்டைய கோழி போடுது. நமக்கென்ன வேலை?"

"அதுஞ் செரிதானுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி வரிசையாக ஒத்துக்கொண்டதே இல்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது.

மறுநாள் வீடியோ கால். தலைக்குச் சாயம் பூசி, புதுச் சட்டை போட்டு உட்கார்ந்தேன். போனை பாவாயி வாங்கிக்கொண்டாள்.

"சாமி, அப்பா எல்லாம் ரோசன பண்ணி வெச்சிருக்காரு. படிக்கறதுக்கு வயசு கணக்கில்லியாம். பண்ணைக்கு ஒரே ஆள் போதுமாம். அவரு பாத்துக்குவாரு. நான் வாரேன் சாமி!"

"அப்பா! நெசமாவா?" யுவஸ்ரீ அழுதேவிட்டாள். "எம்மேல இவ்வளவு பாசமா?"

நான் "ஆனா..." என்று ஆரம்பித்தேன். சிக்னல் சரியில்லை. அங்கே "ஆமா" என்று கேட்டிருக்கிறது.

பெங்களூரில் அவளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். தீவன மெஷின் மக்கர் செய்தது. ஒரு பக்கம் குழாய் அடைத்தது. இதையெல்லாம் தினமும் பாவாயிதான் சத்தமில்லாமல் சரி செய்திருக்கிறாள். நான் மெஷின் ஓடுவதாக நினைத்திருந்தேன். கோழிகள்கூட என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் அவள் வருகிறாளா என்று எட்டிப் பார்த்தன.

முதல் நாள் கிளாஸ் முடிந்ததும் போன் வந்தது.

"ஏனுங்க, முட்டைக்கு இங்க என்ன பேருங்கறீங்க? 'ஐ'யாமுங்க!"

"ஐ!" என்று வாயைப் பிளந்தேன்.

"அதேதானுங்க! ஒரே தடவையில புடிச்சுக்கிட்டீங்களே! என்ன தொழில்னு டீச்சரம்மா கேட்டாங்க. வார்த்தை வல்லீங்க. எந்திரிச்சு நின்னு கோழி மாதிரி கொக்கரிச்சுக் காட்டினேன். கிளாஸே கை தட்டுச்சுங்க."

இன்னொரு நாள் குரல் உடைந்து பேசினாள். "எமில் என் வெரலப் புடிச்சு இழுத்து 'ஓமா, கொம்'முன்னானுங்க. 'அம்மிச்சி, வா'ங்கறான். எனக்குப் புரிஞ்சிருச்சுங்க. கூடவே போனேனுங்க."

நான் தீவன மூட்டைக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோழிகளிடம் தவிட்டுத் தூசி என்று சொல்லிவிட்டேன்.

மாதம் முடிந்தது. வீட்டைக் கழுவினேன். அவளுக்குப் பிடித்த பலாப்பழம் வாங்கி வைத்துவிட்டுப் போன் போட்டேன்.

"எப்பப் பொறப்படற?"

"பாஸாயிட்டேனுங்க! அடுத்த கிளாஸ்லயும் சேத்துக்கிட்டாங்க. இன்னும் ஒரு மாசம்."

"அப்ப இங்க நானு?"

"அதுக்குத்தானுங்க ஏற்பாடு பண்ணியிருக்கேன். மாப்பிள்ளையோட அம்மா இருக்காங்களே, நம்ம சம்பந்தியம்மா ஹெல்கா, அவங்ககிட்ட நானே ஜெர்மன்ல பேசினேன். எங்கூடப் பேசறதுக்கு அவங்களும் தமிழ் படிக்கணுமாம். நம்ம பண்ணையிலயும் வெளியாளுங்களுக்குக் கிளாஸ் உண்டுன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் வாராங்க. நீங்கதான் வாத்தியாரு."

வாத்தியார்! நெஞ்சு நிமிர்ந்தது. படிக்கப் பெஞ்சு கிடைக்காவிட்டால் என்ன, நாற்காலியே கிடைத்துவிட்டதே!

"கிளாஸ் எத்தன மணிக்கு வெச்சுக்கலாம்?" என்றேன் கம்பீரமாக.

"சமையல முடிச்சுட்டு வெச்சுக்கங்க. அவங்களுக்குக் காரம் ஆவாதுங்க."