செயற்கைக்கோள் காட்டிய சோப்பு டப்பா

டப்பாதேடி என்றோர் இனம் நம் நாட்டில் சத்தமில்லாமல் பெருகி வருகிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்து, பைத்தியம் என்றோ திருடன் என்றோ நினைத்து ஒதுங்கிப் போயிருப்பீர்கள். சலவை வேட்டி கட்டிய, காதோரம் நரைத்த, நாலு பேர் மதிக்கிற ஒரு மனிதர் பாலத்துக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையால் கைபேசியை வானத்துக்குக் காட்டி, மறுகையைக் கல்லிடுக்கில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அவர்தான்.

விளையாட்டு ரொம்பச் சுலபம். யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கைக் கைபேசிச் செயலியில் ஏற்றிவிடுவார். இன்னொரு புண்ணியவான் பெட்ரோல் போட்டு, பெண்டாட்டி பிள்ளையிடம் பேச்சு வாங்கி, முள்ளில் வேட்டியைக் கிழித்து, செயற்கைக்கோள் வழிகாட்ட அதைப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு பொருளை வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப ஒளித்துவிட்டு வர வேண்டும். அப்படி என்னதான் இருக்கும் உள்ளே? ஒரு சட்டைப் பொத்தான் இருக்கும். ஒரு கோலிக்குண்டு இருக்கும். கை ஒடிந்த பிளாஸ்டிக் குரங்கு இருந்தால் அன்றைக்கு யோகம். இத்தனைக்கும் மேலே ஒரு சட்டம் உண்டு: வெளியாள் யாரும் பார்த்துவிடக் கூடாது. அதாவது, திருட்டு முழி முழிக்கலாம், ஆனால் திருடக் கூடாது.

தேனி பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் வைகுண்டராஜ் இந்த இனத்தின் மாணிக்கம். கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் சர்ச்சு என்று இருந்த மனுஷனை, சர்க்கரை பார்த்த டாக்டர் "தினம் நடங்க அண்ணாச்சி" என்றார். வியாபாரி சும்மா நடப்பாரா? நடந்தால் ஏதாவது கையில் கிடைக்க வேண்டாமா? அப்படித்தான் இந்தச் செயலி கைபேசியில் இறங்கியது. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை. அன்றிலிருந்து அவர் மனைவி சுகிர்தத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் காடுமேடு.

இந்த இனத்தாருக்கு மூன்று வார்த்தைகள் போதும், ஆயுசை ஓட்டிவிடுவார்கள். முதலாவது, "வழிதான்." எந்த ஊருக்குப் போனாலும் எந்த ஊரும் வழிதான். இரண்டாவது, "ரெண்டே நிமிசம்." அதற்குள் காரில் இருப்பவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். மூன்றாவது, "இந்தா, பக்கத்துல காட்டுது." காட்டத்தான் காட்டும். மேலே சுற்றுகிற செயற்கைக்கோளுக்கு, நடுவில் ஓடும் முல்லையாறும் தெரியாது, கருவேல முள்ளும் தெரியாது, கட்டிப்போடாத நாயும் தெரியாது.

இதெல்லாம் மற்ற நாளில் சுகிர்தம் பொறுத்துக்கொண்டதுதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை விளையாட்டு நாள் இல்லை. மகள் ஜெனிபரின் கல்யாணப் பேச்சு. ஜெனிபரும் வினோத்ராஜும் ஒரே கல்லூரி. இரண்டு வருஷமாக இரண்டு வீட்டிலும் மெல்ல மெல்ல மாவு கரைத்து, இப்போதுதான் தோசை ஊற்றும் பதம் வந்திருந்தது. வினோத்ராஜின் அப்பா ஞானதுரை கம்பத்துக்குப் பக்கத்தில் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர். போன மாதமே குடும்பத்தோடு தேனிக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். பெண்ணைப் பெற்றவரைத்தான் பார்க்க முடியவில்லை. அவர் அன்றைக்குப் போடிமெட்டில் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் குப்புறப் படுத்திருந்தார்.

"பொண்ணு தங்கம், தங்கச்சி. அதுல பேச்சே இல்ல. ஆனா பொண்ணைக் குடுக்கிற மனுசன்கிட்ட எதுக்க உக்காந்து ஒரு வார்த்தை பேசாம நான் முடிவு சொல்ல மாட்டேன்" என்று சுகிர்தத்திடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார் ஞானதுரை.

ஆகவே சுகிர்தம் கணவரிடம் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. "என்னங்க, நீங்க பேசக்கூட வேணாம். அவுக வீட்டுல ஒரு மணி நேரம் உக்காந்து குடுங்க, போதும். நம்ம பிள்ளைக்காக."

"இது என்ன பிரமாதம்!" என்றார் வைகுண்டராஜ்.

பதினோரு மணிக்குச் சுருளிப்பட்டியில் இருப்பதாகப் பேச்சு. அதிகாலையிலேயே கிளம்பிவிடலாம் என்று அவர் சொன்னபோது, பிள்ளைப் பாசம் என்று நம்பி ஏமாந்தாள் சுகிர்தம். பெற்றவள்தானே. பெரியகுளம் மாந்தோப்புகள் கண்ணில் பட்டதும்தான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, கம்பம் தெக்க இருக்கு. நம்ம வடக்க போறோம்."

"வழிதான்."

"எதுக்கு வழி?"

கார் தேவதானப்பட்டியில் போய் நின்றது. தெற்கே சம்பந்தம் பேசப் போனவர் வடக்கே ஒரு வாய்க்கால் பாலத்துக்கு அடியில் இறங்கினார். பட்டுச்சட்டையோடு குனிந்தார், உட்கார்ந்தார், ஊர்ந்தார். எதிரே டீக்கடை போட்டிருந்த மொக்கைச்சாமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஆற்றிய டீயைக் கையில் பிடித்தபடியே கூப்பிட்டார்: "அண்ணாச்சி! அங்கன உக்காராதீக. பஸ் ஸ்டாண்டுல கட்டணக் கழிப்பறை இருக்கு. சில்லறை வேணும்னா நான் தாரேன்."

காருக்குள் ஜெனிபர் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சுகிர்தத்துக்குத் தெரியவில்லை.

திரும்பித் தெற்கே வரும்போது தேனியில் தங்கள் வீட்டு வாசலைத் தாண்டியே மறுபடியும் போனார்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள், "என்ன மதினி, அதுக்குள்ள முடிச்சுட்டு வந்துட்டீகளா?" என்று கேட்டாள். சுகிர்தம் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

சின்னமனூரில் ஒரு டப்பா. அது மின்கம்பத்துக்குப் பின்னால் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே இருந்த பழைய கோயிலை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, மின்கம்பத்தைத்தான் மூன்று தடவை வலம் வந்தார். உத்தமபாளையத்தில் இன்னொன்று. அங்கே பாறையில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெனிபர் கிட்டப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா அந்தப் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழே ஒரு கல்லைப் புரட்டினார், தேளைப் பார்த்தார், அடுத்த கல்லைப் புரட்டினார். பழம்பெரும் ஊர்களுக்கு டப்பாதேடிகள் செயலியில் மதிப்புரை எழுதுவார்கள். உத்தமபாளையத்துக்கு வைகுண்டராஜ் எழுதியது இது: "நல்ல ஊர். டப்பா ஈரமாக இருந்தது."

"அம்மா, அந்தச் சிலையெல்லாம் எப்படி உக்காந்திருக்கு பாத்தீகளா? ஒன்னு கூட போனைப் பாக்கலை" என்றாள் ஜெனிபர், காரில் ஏறும்போது.

"ஆத்தா, நீயும் ஆரம்பிக்காத" என்றாள் சுகிர்தம்.

கம்பம் தாண்டிச் சுருளிப்பட்டிச் சாலையில் திரும்பியபோது மணி ஒன்றரை. தலையில் வைத்த மல்லிகைப்பூ தொங்கிப்போயிருந்தது. ஞானதுரை வீட்டிலிருந்து நாலு போன் வந்தாயிற்று. அப்போது வைகுண்டராஜின் கைபேசி டிங் என்றது.

"வேணாங்க" என்று சுகிர்தம் சொன்னாள். சொல்லவில்லை, கும்பிட்டாள்.

"ரெண்டே நிமிசம். இந்தா, பக்கத்துல காட்டுது."

இந்தத் தடவை நிஜமாகவே பக்கம். ரோட்டோரத் திராட்சைப் பந்தல், அதன் மூலையில் ஒரு மோட்டார் ரூம், வாசல் ஓரம் ஒரு தட்டைக்கல். கல்லைத் தூக்கினால் ரோஸ் நிறத்தில் ஒரு சோப்பு டப்பா! திறந்தால் உள்ளே ஒரு பெரிய பித்தளைச் சாவி! வைகுண்டராஜுக்குப் புல்லரித்தது. பொத்தானும் கோலியுமாகப் பார்த்த கண்ணுக்கு இது புதையல் அல்லவா? கையெழுத்துப் போடத் தாள் இல்லை. 'மழையில் போயிருக்கும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேண்டும் என்பது சட்டம். அவர் சட்டம் மீறாதவர். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பொங்கலுக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய சாவிக்கொத்து வளையம் ஒன்றை உள்ளே வைத்து மூடினார். அதில் 'வைகுண்டராஜ் பெயிண்ட்ஸ், தேனி' என்று பொன்னெழுத்தில் அடித்திருந்தது, போன் நம்பரோடு.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், எதிரே மோட்டார் ரூம் பூட்டியிருக்கிறது, பூட்டு கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது, கையில் சாவி இருக்கிறது, ஒரு மனுஷனுக்கு இது தோன்றாதா என்று. தோன்றாது. கைபேசித் திரையில் மோட்டார் ரூமும் இல்லை, பூட்டும் இல்லை. ஒரு பச்சைப் புள்ளிதான் இருந்தது. நிஜமான டப்பா பத்தடி தள்ளி வேப்பமரப் பொந்தில் பத்திரமாக இருந்தது என்பது வேறு விஷயம்.

ஞானதுரை நல்ல மனுஷன். தாமதத்துக்கு முகம் சுளிக்கவில்லை. "ரோடு வேலை நடக்குது, அப்படித்தான் ஆகும்" என்று அவரே ஒரு காரணம் சொல்லி, இலை போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பை அவர் கையாலேயே ஊற்றினார். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வைகுண்டராஜும் உட்கார்ந்தார். சுகிர்தத்துக்கு மூச்சு வந்தது. ஆண்டவரே, ஒரு மணி நேரம்.

கால்மணி நேரத்தில் தோட்டத்து ஆள் சுருளிவேல் ஓடிவந்தார், கையில் ரோஸ் நிற டப்பா.

"மொதலாளி, மோட்டார் ரூம் சாவியைக் காணோம். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்து போகப் போகுது. கவாத்து பண்ணி வெட்டிவிட்ட கொடிக்கு இன்னைக்குத் தண்ணி கட்டியாகணும். எந்தக் களவாணிப்பயலோ சாவியை எடுத்துட்டு இதை வச்சுட்டுப் போயிருக்கான்."

ஞானதுரை வளையத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாய்விட்டு வாசித்தார். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது சுகிர்தத்துக்கு. இரண்டு வருஷம் இந்தப் பிள்ளை பட்ட பாடு ஒரு சோப்பு டப்பாவில் போய் முடிய வேண்டுமா?

வைகுண்டராஜ் என்ன செய்திருக்க வேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவர் கைபேசியை எடுத்தார். "ஒரு பத்தடி முன்னப்பின்ன காட்டும் அண்ணாச்சி. மரம் இருந்தா சிக்னல் கொஞ்சம் அலையும். அப்ப நெசமான டப்பா அங்கனயே எங்கேயோதான் இருக்கு!" என்றார், முகமெல்லாம் மலர.

ஜெனிபர் எழுந்து வந்தாள். அப்பாவின் சட்டைப்பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துச் சுருளிவேலிடம் கொடுத்தாள். "ஓடுங்க அண்ணே, கரண்ட் போறதுக்குள்ள." பிறகு ஞானதுரையைப் பார்த்து, "மன்னிச்சிருங்க மாமா" என்றாள். அவள் குரல் நடுங்கியது.

ஞானதுரை அந்தப் பிள்ளையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தண்ணி பாஞ்சிரும்மா, நீ உக்காரு" என்றார். பிறகு வைகுண்டராஜ் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, எனக்கு உங்ககிட்ட கேக்க ஒன்னும் இல்ல. பிள்ளையை நல்லா வளத்திருக்கீக. ஜெபம் பண்ணி வாக்குக் குடுத்துருவோம்."

சுகிர்தத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். ஜெபம் முடிந்ததும் மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு புது வேதாகமத்தைப் பெண்ணின் தகப்பன் கையில் கொடுத்து, "உங்க பிள்ளை இனி எங்க பிள்ளை" என்பார். அதுதான் வாக்கு. ஞானதுரை வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஞானதுரை திராட்சைத் தோட்டக்காரர், அவசரப்படாதவர். ஆதாமில் தொடங்கி, ஆபிரகாம் ஈசாக்குக்குப் பெண் தேடிய இடத்துக்கு வந்து, மழைக்கும் மகசூலுக்கும் நன்றி சொல்லி, பிள்ளைகளை ஆசீர்வதித்து, ஆமென் சொன்னார். எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள்.

வைகுண்டராஜின் நாற்காலி காலியாக இருந்தது.

ஞானதுரை நீட்டிய வேதாகமம் அப்படியே நின்றது. வினோத்ராஜ் வாசலை எட்டிப் பார்த்தான். கார் இருந்தது, செருப்பு இல்லை. "வேப்பமரத்துப் பக்கம் போயிருப்பாக" என்றான் தயங்கி. "தேடிக் கூட்டிட்டு வரவா?"

"வேணாம்" என்றாள் ஜெனிபர். அழவில்லை. குரலும் இப்போது நடுங்கவில்லை. "அப்பாவைத் தேட வேணாம் மாமா. அம்மா இங்கனயேதான் இருக்காக. எப்பவும் இருந்திருக்காக. அம்மா கையில குடுங்க."

ஞானதுரை சுகிர்தத்தின் பக்கம் திரும்பினார். அவர் வீட்டில் அதுவரை ஒரு தாய் கையில் வாக்குக் கொடுத்ததில்லை. எழுந்து, இரண்டு கையாலும் வேதாகமத்தைச் சுகிர்தத்திடம் நீட்டினார். "உங்க பிள்ளை இனி எங்க பிள்ளை, தங்கச்சி." அவள் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மி அழுதாள். சந்தோஷம் பாதி, அவமானம் பாதி.

கல்யாணத் தேதி குறித்து, காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வைகுண்டராஜ் வந்தார். முழங்கால் எல்லாம் மண், முகமெல்லாம் வெற்றி. "கிடைச்சிருச்சு!" என்றார். எல்லாரும் "சந்தோசம்" என்றார்கள். என்ன கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நல்லவேளை, நாமெல்லாம் அப்படி இல்லை என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் கைபேசியில் டப்பா தேடும் செயலி இல்லை, எனக்குத் தெரியும். வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. இதை நீங்கள் வாசிக்கத் தொடங்கிய பிறகு உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஏதோ சொன்னார். நீங்களும் "ம்" என்றீர்கள். என்ன சொன்னார்? எழுந்து போய்க் கேளுங்கள். அவர் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.